உப்புக்காற்று, அடைமழை, மார்கழிப் பனி: டெல்டாவில் ரோஜா வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஆவணி பிறந்தால் எங்கள் தெருவுக்கு டெம்போ வந்துவிடும். "ஆந்திரா ரோஸ், பட்டன் ரோஸ், தினம் பூக்கும் சார்" என்று மைக்கில் கூவும் குரலுக்கு மயங்கி ஒரு வருஷம் ஆறு செடி வாங்கினேன். வாங்கிய அன்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பூ. ஐப்பசி மழையில் இலையெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு மஞ்சளித்தன. கார்த்திகையில் வெறும் குச்சி. பொங்கலுக்கு இரண்டு தொட்டிதான் மிச்சம். ஆனால் அப்பாயி வீட்டுக் கிணற்றடியில் ஒரு பன்னீர் ரோஜா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது. அதற்கு யாரும் மருந்து அடித்ததில்லை.

அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் விஷயம் விளங்கியது. கிணற்றடி மேடு; தண்ணீர் நிற்காது. கிழக்குப் பக்கம் திறந்த கொல்லை. சூரியன் எழுந்ததும் முதல் வெயில் அதன் மேல்தான். ரோஜாவுக்கு நம் ஊர் வெயில் ஆகாது என்று பலர் சொல்வார்கள். வெயிலை அது எப்படியோ தாங்கிவிடும். அதைக் கொல்வது நனைந்த இலையும் நனைந்த காலும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: காலை எட்டரை, ஒன்பதுக்குள் இலை காய்ந்துவிடுமா?

இலை ஏன் காய வேண்டும்

கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சணம். அதன் வித்து இலைக்குள் இறங்க, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். 18 முதல் 24 டிகிரி வரையான இதமான குளிர் அதற்குப் பிடித்தது. மார்கழி, தை மாதங்களில் நம் பக்கத்து இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். இரவு பத்து மணிக்கு இறங்கும் பனி காலை எட்டு வரை இலையில் நிற்கிறது. பூஞ்சணத்துக்கு நாமே பாய் போட்டு விருந்து வைத்த மாதிரிதான்.

பனி மேலிருந்து பெய்கிறது என்று சொல்கிறோம். உண்மையில், தெளிந்த இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த இலையில் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிகிறது. ஆகவே இலைக்கும் வானத்துக்கும் நடுவே ஏதாவது ஒரு மறைப்பு இருந்தாலே பனி நன்றாகக் குறைந்துவிடும். திண்ணைக் கூரை ஓரத்தில் இருக்கும் தொட்டியையும் மொட்டை மாடியில் இருக்கும் தொட்டியையும் ஒரு மார்கழிக் காலையில் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

சான் பிரான்சிஸ்கோ மாதிரியான ஊர்களில் கோடையிலேயே மூடுபனி. அங்கே ரோஜா வளர்ப்பவர்களுக்கும் இதே கரும்புள்ளி, இதே சாம்பல் நோய்த் தொல்லை உண்டு. மொட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு விரியாமலே அழுகும் சங்கடமும் உண்டு. அவர்களுக்கு வருஷத்தில் பெரும்பகுதி அந்தப் பாடு. நமக்கு நான்கு மாதம்தான். அதற்குள் இரண்டு மாதம் அடைமழை என்பது வேறு கதை.

படி 1: இடம்

காலை வெயில் முதலில் விழும் இடமாகப் பாருங்கள். கிழக்கு அல்லது தென்கிழக்கு. நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் போதும். பங்குனிக்கு மேல் பிற்பகலில் தென்னை நிழல் விழுந்தால் நல்லதே. தென்னையின் தூருக்கு அருகில் மட்டும் வேண்டாம், வேர்ச்சண்டையில் ரோஜா தோற்றுவிடும்.

காற்று புழங்க வேண்டும். மதில் மூலையில் நாலைந்து தொட்டியை நெருக்கி வைத்தால் பார்க்க அழகு, ஆனால் இலை மதியம் வரை காயாது. செடிக்குச் செடி இரண்டரை அடியாவது விடுங்கள். நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார், வேளாங்கண்ணி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள், கடலுக்கும் செடிக்கும் நடுவே வீட்டுச் சுவரோ சவுக்கு வரிசையோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்று நேரே பட்டால் தளிரின் ஓரம் கருகும்.

படி 2: எந்த ரோஜா

ஓசூர் ரோஜாவை நினைத்து ஏங்க வேண்டாம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீளக் காம்பு ரோஜாவைப் பசுமைக்குடிலில் வளர்க்கிறார்கள். கூரை மழையை இலைமேல் விழவிடாது. அந்த ரகத்தை நம் வாசலில் வெட்டவெளியில் வைத்தால் ஐப்பசியோடு சரி.

டெல்டாவுக்கு என் வரிசை இது. முதலில் எட்வர்ட் ரோஸ், அதாவது பலர் பன்னீர் ரோஜா என்று சொல்லும் வெளிர்சிவப்பு வாசனைப் பூ. மாலைக்குப் போகும் ஆந்திர சிவப்பு ரோஜா அடுத்தது. மூன்றாவது பட்டன் ரோஸ். மூன்றும் மழையில் இலை கொட்டினாலும் தையில் மறுபடி துளிர்க்கும். பூக்கடையில் பார்க்கும் பெரிய ஒற்றைப் பூ வகை வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மட்டும் தொட்டியில் வையுங்கள், மழைக்கு உள்ளே தூக்கிவைக்க வசதியாக இருக்கும். இதழ் மிக அதிகமாக அடுக்கிய வகை மார்கழியில் விரியத் திணறும். இதழ் குறைந்த வகை பனியிலும் விரியும்.

படி 3: செடி வாங்கும்போது

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். நான் செய்த தப்பு அது. தூரைப் பாருங்கள்: பென்சில் கனத்தில் இரண்டு மூன்று கிளைகளாவது இருக்க வேண்டும். ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கீழ் இலைகளில் கறுப்புப் பொட்டு இருந்தால் அந்தச் செடி மட்டுமல்ல, அதற்குப் பக்கத்துச் செடியும் வேண்டாம்.

ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் பகுதியிலிருந்து வரும் செடிகள் நம் ஊரில் நிறைய விற்கின்றன. அவை இறுகிய மண்கட்டியோடு பாலித்தீன் பையில் வரும். அதை அப்படியே நம் களிமண்ணில் இறக்கினால் தண்ணீர் ஒன்றில் நிற்கும், இன்னொன்றில் இறங்காது. ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிவிட்டு, நடும்போது அந்தக் கட்டியின் வெளிப்பக்கத்தை விரலால் லேசாகக் கீறிவிடுங்கள். முழுவதும் உடைத்தால் வேர் அறுந்துவிடும்.

படி 4: மண்

டெல்டாவில் இரண்டு மண். கொள்ளிடம், காவிரிப் படுகையில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். வண்டலும் மணலும் கலந்த அந்த மண்ணில் கொஞ்சம் தொழு உரம் போட்டாலே போதும். மற்றவர்களுக்கு நெல்வயல் களிமண்தான். மழையில் சேறு, கோடையில் பாளம் பாளமாக வெடிப்பு. இதில் குழி தோண்டி நட்டால் அந்தக் குழி மழைக்காலத்தில் கிணறாகிவிடும். ரோஜா அதில் குளித்தே செத்துப்போகும்.

ஆகவே களிமண்காரர்கள் மேலே எழும்புங்கள். ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. ஆற்று மணல் இன்று விற்கும் விலைக்கு அதைத் தோட்டத்தில் கொட்ட மனசு வராது. அரிசி ஆலையில் கிடைக்கும் கருக்கல் உமி அந்த வேலையைச் செய்யும்: மண்ணைத் தளர்த்தும், தண்ணீரை வடிக்கும். பச்சை உமியைப் போடாதீர்கள், மக்குவதற்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தை அதுவே பிடுங்கிக்கொள்ளும். தேங்காய் நார்க்கழிவு தொட்டிக்குக் கொஞ்சம் போடலாம். கடலோர ஊரில் வாங்கினால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு இருக்கும்.

ஒரே வீட்டுக்கு ஒரு லோடு செம்மண் வாங்குவது கட்டுப்படியாகாது. பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள்.

தொட்டி என்றால் 12 அங்குலத்துக்குக் குறையாமல். அடியில் ஓட்டை நான்கு. தொட்டியைத் தரையில் நேரே வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். மழையில் ஓட்டை அடைபட்டு எத்தனை செடி போனதென்று எனக்குத்தான் தெரியும்.

படி 5: தண்ணீரைச் சோதியுங்கள்

இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். ரோஜா உப்பு தாங்காத செடி. திருவாரூருக்குக் கிழக்கே போகப் போக போர்த் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அதையே ஊற்றினால் இரண்டு மாதத்தில் இலை ஓரம் காகிதம் எரிந்த மாதிரிப் பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். நோய் என்று நினைத்து மருந்தடிப்போம், ஒன்றும் கேட்காது.

நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினம் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மண், தண்ணீர்ச் சோதனை பற்றி அங்கே விசாரிக்கலாம். தண்ணீர் உப்பு என்று தெரிந்தால், ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து டிரம்மில் வையுங்கள். மூடி போட்டு, கொசுவுக்கு இடம் கொடுக்காமல். அதுவும் போதாவிட்டால் வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரைத் தொட்டி அடியில் வழியும் வரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளே இருந்த உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான்.

படி 6: நடுவது

என் கணக்கில் முதல் பட்டம் தை. மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், கோடைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். இரண்டாவது ஆடி. ஐப்பசி, கார்த்திகையில் தரையில் நடவே வேண்டாம்.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி. எடுத்த மண்ணோடு எருவும், இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். குளிர் நாடுகளில் முடிச்சை மண்ணுக்குள் புதைப்பார்கள், உறைபனியிலிருந்து காக்க. நமக்கு எதற்கு? இங்கே புதைத்தால் முடிச்சு அழுகும். மாலை நேரத்தில் நட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு, நான்கு நாள் ஓலை நிழல் கொடுத்தால் போதும்.

படி 7: தண்ணீர், உரம்

காலையில், தூரில், இலை நனையாமல். மாலையில் தலையோடு ஊற்றுவது பழக்கமானவர்கள் அதை விட்டால் பாதி நோய் போகும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்காதீர்கள். விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

தரையில் நிற்கும் செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை: தொழு உரம் 10 கிலோவும், தழை, மணி, சாம்பல் சத்து 6, 12, 12 கிராம் வீதமும், கவாத்துக்குப் (கிளைகளை வெட்டிவிடுவது) பின் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை. தொட்டிக்கு இதில் ஒரு சின்னப் பங்குதான். கடலைப் பிண்ணாக்கு ஒரு கைப்பிடியை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை விடுவேன். மழைக்காலத்தில் அதையும் நிறுத்திவிடுவேன். அப்போது வரும் கொழுகொழு தளிர் நோய்க்குத்தான் தீனி.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. நம் களர் மண்ணில் சகஜம். அன்னபேதி உப்பு (பெர்ரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, காலையில் இலையில் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும்.

படி 8: கவாத்து, எப்போது என்பதுதான் கேள்வி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலோர டெல்டாவில் நவம்பர்தான் மழையின் உச்சம். அப்போது வெட்டினால் வெட்டுவாயில் மழை இறங்கி, கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வரும். நுனிக்கருகல் என்பது அதுதான். தூர் வரை வந்துவிட்டால் செடியை மறந்துவிட வேண்டியதுதான்.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். புரட்டாசியில் லேசான துப்புரவு: நடுவே பின்னிக்கிடக்கும் குச்சி, காய்ந்த கிளை, தரையைத் தொடும் இலை இவற்றை மட்டும் எடுத்து, செடியின் வயிற்றைத் திறந்து விடுவது. உயரத்தைக் குறைப்பதில்லை. பெரிய கவாத்து திருக்கார்த்திகை தீபம் கழித்து, தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடிக்கும்போது.

கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். பெரிய வகையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள், பட்டன் ரோஸில் மேலே மூன்றில் ஒரு பங்கை மட்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. உள்பக்கக் கணுவில் வெட்டினால் தளிர் உள்ளே போய் மறுபடி அடைசல்தான். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்தை வெட்டாதீர்கள், பிய்த்தெடுங்கள். அது காட்டு ரோஜா, விட்டால் மேலே இருக்கும் நல்ல செடியை விழுங்கிவிடும். வெட்டுவாயில் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர், பிளாஸ்டிக் பாத்திரத்தில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். நான்கு செடிக்கு இதைக் காய்ச்சுவது கல்யாணத்துக்கு வைக்கிற அடுப்பில் காபி போடுகிற மாதிரி; மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவுகிறவர்களும் உண்டு, நானும் அதைத்தான் செய்கிறேன்.

மிச்சமிருக்கும் பழைய இலை எல்லாவற்றையும் கிள்ளி, கீழே விழுந்ததையும் பெருக்கி, ஊருக்கு வெளியே போடுங்கள். கரும்புள்ளி அடுத்த ஆட்டத்துக்கு அந்தச் சருகில்தான் காத்திருக்கிறது. உரக்குழியிலும் போடாதீர்கள். வெட்டி 45 நாளில், தை கடைசியில், பூ வரும்.

"அப்போ பொங்கலுக்குப் பூ?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றிரண்டு தொட்டியை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பேன்.

படி 9: அடைமழையிலும் பனியிலும்

ஐப்பசியிலிருந்து தை வரை தொட்டிகளைக் கிழக்குத் தாழ்வாரத்து ஓரத்துக்கு மாற்றுங்கள். தரையில் இருப்பவற்றுக்கு நான்கு சவுக்குக் கழி நட்டு, மேலே மட்டும் கண்ணாடி பிளாஸ்டிக் தாள். நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும், மூடினால் புழுங்கும். தூரைச் சுற்றி இரண்டு அங்குலம் வைக்கோல். மழைத்துளி மண்ணில் தெறித்துத்தான் வித்து இலைக்கு ஏறுகிறது. வைக்கோல் அந்தத் தெறிப்பைத் தடுக்கும்.

மார்கழிக் காலையில் கோலம் போட எழுந்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம்: கிளையை மெல்ல உலுக்கிப் பனியை உதறிவிடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் இலை ஒரு மணி நேரம் முன்னாலேயே காய்கிறது.

மேல் இலையில் மாவு தூவிய மாதிரி வெண்மை, தளிர் சுருளல் என்றால் சாம்பல் நோய். இதற்கு இலை நனைய வேண்டியதில்லை. குளிர்ந்த ஈர இரவும் காய்ந்த பகலும் போதும், அதாவது தை மாதம். ஒரு பங்கு பாலும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து, காலை வெயில் ஏறும்போது வாரம் ஒரு முறை தெளியுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் கேட்கும். முற்றிவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அது இலையைச் சுட்டுவிடும்.

கரும்புள்ளிக்கு, மழை தொடங்கும் முன்பே சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி லிட்டருக்கு 5 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நெல்லுக்கு வாங்கும் அதே பாக்கெட்தான். நோய் பரவிவிட்டால் மான்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. குல்கந்துக்கோ பன்னீருக்கோ இதழ் எடுக்கும் செடிக்கு அதைத் தொடவே வேண்டாம்.

படி 10: கோடையும் புயலும்

சித்திரையில் கதை தலைகீழ். இலை மங்கி, அடியில் நூலாம்படை தெரிந்தால் செம்பேன். இப்போது மட்டும், காலை ஏழு மணிக்கு இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். அரை மணியில் காய்ந்துவிடும். அசுவினி, இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, சோப்புக் கரைசலோடு, மாலையில். கோடையில் பூ சின்னதாகத்தான் வரும், கவலைப்படாதீர்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது என் மாடித் தொட்டிகளில் பாதி பக்கத்து வீட்டுக் கொல்லையில் கிடந்தன. அப்போதிருந்து எச்சரிக்கை வந்த உடனே எல்லாத் தொட்டியையும் கீழே இறக்கி, சுவரோரம் படுக்க வைத்துவிடுவேன். புயல் ஓய்ந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுவது, காற்றோடு வந்த உப்பு போக. தரையில் கடல் நீர் ஏறியிருந்தால் மண்ணைச் சோதித்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல நீரால் அலசிய பிறகே புதுச்செடி.

கடைசியாக, குச்சி போடுவது

பன்னீர் ரோஜா வைத்திருப்பவர்கள் கடையில் செடி வாங்கவே வேண்டாம். ஆடிப்பெருக்கை ஒட்டி, பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், நான்கைந்து கணுவோடு குச்சி எடுங்கள். அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, மணலும் கருக்கல் உமியும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றுங்கள். நிழலில், ஈரப்பதமாக, ஆனால் சொதசொதவென்று இல்லாமல். நான்கைந்து வாரத்தில் வேர் பிடிக்கும். நடுவில் தளிர் விட்டாலும் நம்பாதீர்கள், குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர்க்கும். பையின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும் வரை பொறுங்கள். வேர் விட்டதா என்று தினமும் இழுத்துப் பார்க்கிற பேரப்பிள்ளை வீட்டில் இருந்தால், பையைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எங்கள் அப்பாயி கிணற்றுக் கட்டைமேல் வைத்ததற்குக் காரணம் நான்தான்.